பால் ஊற்றும் பெண் யார் யார் வீட்டில் இருந்தாள்?

கேள்வி இதுதான்: யோஹன்னஸ் வெர்மீர் என்ற டச்சு ஓவியர் 1675-இல் இறந்தபின் ஏறக்குறைய 200 வருஷம் அவரை யாருக்கும் நினைவில்லை என்கிறார்களே, அப்படியானால் அவருடைய பால் ஊற்றும் பெண் ஓவியம் எப்படித் தப்பிப் பிழைத்தது? அது அவர் வரைந்ததுதான் என்று எதை வைத்து இவ்வளவு உறுதியாகச் சொல்கிறார்கள்?

முதலில் அந்த "200 வருஷ மறதி" கதையைக் கொஞ்சம் திருத்த வேண்டும். வெர்மீரின் மற்றப் பல படங்களுக்கு அது பொருந்தும். இந்தப் படத்துக்குப் பொருந்தாது. 1696-இல் தொடங்கி 1908-இல் அருங்காட்சியகத்துக்கு வரும்வரை இது கைமாறிய பெரும்பாலான கட்டங்களுக்கு ஏலப் பட்டியலோ குடும்பக் கணக்கோ இருக்கிறது. ஏலப் பட்டியல்களில் வெர்மீர் பெயரும் கூடவே வருகிறது. வீடு, மனை வாங்குகிறவர்கள் மூலப் பத்திரத்திலிருந்து வரிசையாகக் காட்டு என்று கேட்பார்கள் இல்லையா, அப்படிக் கேட்டால் தைரியமாக எடுத்து வைக்கக்கூடிய பத்திரக் கட்டு இந்தப் படத்துக்கு உண்டு. பழைய ஓவியங்களில் இது அபூர்வம்.

படத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. கேன்வாஸ் மேல் எண்ணெய் வண்ணம், உயரம் 45.5 செ.மீ., அகலம் 41 செ.மீ. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டர் அட்டையைவிடப் பெரிதாக இருக்காது. 1657-க்கும் 1660-க்கும் இடையில் வரைந்தது என்று கணிக்கிறார்கள். சன்னலோரம் ஒரு பெண் நின்று மண் சாடியிலிருந்து பாலைப் பாத்திரத்தில் ஊற்றுகிறாள். மேசை மேல் ரொட்டிகள். அவ்வளவுதான் காட்சி. தமிழில் சிலர் "பால்காரி" என்று எழுதுவதைப் பார்க்கிறேன், அது தவறு. மாடு கறப்பவளோ பால் விற்பவளோ அல்ல இவள், வீட்டில் சமையலறை வேலை செய்யும் பெண். முதல் ஏலப் பட்டியல் "பால் ஊற்றும் வேலைக்காரி" என்றுதான் சொன்னது. "பால் பெண்" என்ற செல்லப் பெயர் அப்புறம், 1719-இல் இன்னொரு ஏலப் பட்டியலில் வருகிறது. படத்தின் பெயரையே அதை விற்றவர்கள்தான் வைத்தார்கள்.

ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் இணையத்தில் பெரிய அளவில் வைத்திருக்கும் படத்தைத் திறந்து, அவள் முகத்தை விட்டுவிட்டுப் பின்சுவருக்குப் போங்கள். வெறும் வெள்ளைச் சுவர் என்று நினைத்த இடத்தில் மேலே ஓர் ஆணி அடித்திருக்கிறது. அதன் நிழல் சுவரில் சாய்வாக விழுகிறது. சுற்றிலும் முன்பு அடித்துப் பிடுங்கிய ஆணிகளின் ஓட்டைகள், காரை பெயர்ந்த சின்னச் சின்ன வடுக்கள். சன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருக்கிறது. கீழே, சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஒரு வரிசை டெல்ஃப்ட் என்ற டச்சு நகரத்து ஓடுகள். ஒன்றில் குட்டி மன்மதன். இவ்வளவு பொறுமையாகச் சுவரைப் பார்த்த ஓவியர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அவள் இடுப்பில் கட்டியிருக்கும் நீலத் துணி. அந்த நீலம் ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த லாபிஸ் லாசுலி என்ற கல்லை அரைத்து எடுத்தது. அன்றைய நிறங்களிலேயே விலை மிக அதிகமானவற்றில் ஒன்று. பழைய ஓவியர்கள் அதைத் தேவமாதாவின் மேலாடைக்கு எடுத்து வைப்பார்கள். வெர்மீர் அதை ஒரு சமையல்காரியின் மேல்துணிக்குத் தாராளமாகப் பூசியிருக்கிறார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயதைச் சுற்றி, பெரிய வருமானம் இல்லை. அப்படியானால் பின்னால் யாரோ இருந்திருக்க வேண்டும்.

இருந்தார்கள். வெர்மீர் வாழ்ந்த டெல்ஃப்ட் நகரத்துப் பணக்காரர் பீட்டர் வான் ரெய்வனும் அவர் மனைவி மாரியா டெ க்னெய்ட்டும். 1657-இல் வெர்மீருக்கு வான் ரெய்வன் 200 கில்டர் (அன்றைய டச்சு நாணயம்) கடன் கொடுத்த பத்திரம் இருக்கிறது. 1665-இல் எழுதிய உயிலில் மாரியா, வெர்மீருக்கு 500 கில்டர் எழுதி வைத்தார். உறவினர் அல்லாத ஒரு கலைஞருக்கு உயிலில் பங்கு என்பது சாதாரண விஷயம் இல்லை. நெடுநாள் வரைக்கும் கணவரைத்தான் புரவலர் என்று எழுதி வந்தார்கள். இப்போது ஆய்வாளர்கள் மாரியாவை முன்னால் நிறுத்துகிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது, உயிலில் அந்தத் தொகை அவர் பெயரில்தானே வருகிறது.

இந்தக் காகிதங்களைத் தோண்டி எடுத்ததில் பெரும்பங்கு ஜான் மைக்கேல் மோன்டியாஸ் என்பவருடையது. அவர் ஓவிய வரலாற்றுப் பேராசிரியர் இல்லை. யேல் பல்கலைக்கழகத்தில் சோவியத் பாணிப் பொருளாதாரங்களைப் படித்துக்கொண்டிருந்த பொருளாதார அறிஞர். டச்சு ஓவியர்களின் வருமானம், கடன், வாடகை ஆகியவற்றை அறிய டெல்ஃப்ட் ஆவணக் காப்பகத்துக்குப் போனவர், நோட்டரி ஏடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டி வெர்மீர் குடும்பத்தையே மீட்டெடுத்தார். ஓவியரின் கையெழுத்தைவிடப் பக்கத்து வீட்டுக்காரரின் கடன் பத்திரம் சில நேரம் அதிகம் சொல்லும் என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டோம்.

வெர்மீர் இறந்தபோது கடன் ஏராளம். பதினொரு பிள்ளைகள், அதில் பத்துப் பேர் சட்டப்படி வயது நிரம்பாதவர்கள். பிரான்சுடன் நடந்த போரில் ஓவியச் சந்தை படுத்துவிட்டது. ரொட்டி கொடுத்த கடைக்காரருக்குக் கட்ட வேண்டியதே 600 கில்டருக்கு மேல். அதற்கு ஈடாக மனைவி கத்தரீனா இரண்டு ஓவியங்களைக் கொடுத்தார். அவரிடம் இருந்த மற்றப் படங்கள் இப்படிச் சிதறிப்போயின. வான் ரெய்வன் வீட்டிலிருந்தவை மட்டும் சிதறாமல் ஒரே இடத்தில் கிடந்தன.

அவை வான் ரெய்வன் தம்பதியின் மகள் மக்டலேனாவுக்குப் போயின. அவர் 1680-இல் யாக்கோப் டிசியுஸ் என்ற அச்சகக்காரரை மணந்தார். இரண்டே வருஷத்தில் இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. 1683-இல் வீட்டுச் சாமான் பட்டியல் எடுத்தார்கள். முன்னறையில் வெர்மீர் 8, பெட்டிக்குள் வைத்தவை 3 என்று ஆரம்பித்து மொத்தம் 20 வெர்மீர் ஓவியங்கள். இன்று உலகம் முழுவதும் சேர்த்து அவர் பெயரில் எண்ணப்படுபவை 37 அளவில்தான். அந்த எண்ணிக்கையில் பாதிக்கு மேற்பட்ட வெர்மீர்கள் ஒரு காலத்தில் டெல்ஃப்ட்டில் ஒரே வீட்டுக்குள் இருந்திருக்கின்றன! இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

ஆனால் அந்த 1683 பட்டியலில் எண்ணிக்கை இருக்கிறதே தவிர, எந்தப் படத்தில் என்ன காட்சி என்று எழுதவில்லை. "வெர்மீரின் ஓர் ஓவியம்", அவ்வளவுதான். ஆகவே பால் ஊற்றும் பெண் வான் ரெய்வன் வீட்டில் இருந்தாள் என்பது பின்னால் வந்த ஏலத்திலிருந்து பின்னோக்கிப் போய்ச் சேரும் முடிவு. வலுவான முடிவுதான், இருந்தாலும் பத்திரக் கட்டில் இந்தத் தாள் ஊகம் என்பதை மறைக்கக் கூடாது.

டிசியுஸ் 1695-இல் இறந்தார். அடுத்த ஆண்டு மே 16-இல் ஆம்ஸ்டர்டாமில் ஏலம். 21 வெர்மீர்கள் ஒரே நாளில் ஏலம் விடப்பட்டன. அந்தப் பட்டியலின் இரண்டாவது எண்: "பால் ஊற்றும் வேலைக்காரி, மிகச் சிறப்பாகச் செய்தது." போன விலை 175 கில்டர். ஒரு கைத்தொழிலாளியின் தினக்கூலி ஒரு கில்டரை ஒட்டி இருந்த காலம் அது. அரை வருஷத்து உழைப்பு என்று வைத்துக்கொள்ளலாம். அன்று இதைவிட அதிகமாகப் போனது டெல்ஃப்ட் நகரக் காட்சி, 200 கில்டர். இன்று பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் லேஸ் பின்னும் பெண் வெறும் 28 கில்டருக்குப் போனது. ஏலத்துக்கு வந்தவர்களுக்கே பால் ஊற்றும் பெண்ணின் தரம் புரிந்திருக்கிறது.

இந்தப் பட்டியல் நமக்குக் கிடைத்ததற்கு ஹெரார்ட் ஹூட் என்பவருக்கு நன்றி சொல்ல வேண்டும். ஏல அறிவிப்புத் தாள்களை யார் பத்திரப்படுத்துவார்கள்? ஏலம் முடிந்தால் குப்பைதான். ஹூட் பழைய ஏலப் பட்டியல்களைத் தேடிச் சேர்த்து, போன விலையோடு 1752-இல் அச்சிட்டார். அந்த வேலையை அவர் செய்யாமல் விட்டிருந்தால், நம் பத்திரக் கட்டின் முதல் தாளே இருந்திருக்காது.

1696-இல் எடுத்தவர் இசாக் ரோலேவ் என்ற ஆம்ஸ்டர்டாம் வணிகர். அதே நாளில் வெர்மீரின் தராசு பிடித்த பெண் ஓவியத்தையும் அவரே எடுத்தார். ஐந்து வருஷத்தில் திவாலானார். 1701-இல் அவர் சொத்து ஏலம் போனபோது 320 கில்டருக்கு யாக்கோப் வான் ஹூக் என்ற வணிகர் எடுத்தார். இவர் சேகரிப்பு 1719-இல் விலைக்கு வந்தது. மேலே சொன்ன அந்தப் பட்டியல் இதுதான்: "டெல்ஃப்ட் வெர்மீரின் புகழ்பெற்ற பால் பெண், கலைநயம் மிக்கது."

"புகழ்பெற்ற" என்ற அந்த ஒரு சொல்லில் நின்று யோசியுங்கள். ஓவியர் இறந்து 44 வருஷம் ஆகிவிட்டது. விற்பனைக்காகக் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாங்க வருகிறவர்களுக்குப் படமே தெரியாது என்றால் "புகழ்பெற்ற" என்று போட்டுப் பயனில்லை. ஆம்ஸ்டர்டாமில் ஓவியம் சேர்ப்பவர்கள் கூட்டத்தில் இவளை எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. விலை என்னவோ அன்று 126 கில்டர்தான், முந்தைய விலையில் பாதிகூட இல்லை. பெயர் இருந்தும் அன்று சந்தை மந்தம். பேரும் விலையும் எப்போதும் சேர்ந்தே போவதில்லை.

அடுத்து டெ நெவில் குடும்பம், அப்பாவிடமிருந்து மகனுக்கு. மகன் லீண்டர்ட் பீட்டர் டெ நெவில் சாதாரண ஆள் இல்லை. ஏழாண்டுப் போர்க் காலத்தில் கடன் பத்திரங்களில் கொழித்து, 1763-இல் அவருடைய வங்கி நிறுவனம் விழுந்தபோது ஆம்ஸ்டர்டாம், ஹாம்பர்க், பெர்லின் வரை வணிக நிறுவனங்கள் சரிந்தன. ஐரோப்பிய நிதி நெருக்கடிகளின் வரலாற்றில் அவர் பெயர் இல்லாமல் அத்தியாயம் இல்லை. இரண்டு வருஷம் கழித்து அவர் ஓவியங்கள் ஏலத்துக்கு வந்தன. பால் ஊற்றும் பெண் 560 கில்டருக்குப் போனாள். 1768-இல் மறுபடி ஏலம், 925. அப்புறம் யான் யாக்கோப் டெ புரோய்ன் என்ற சேகரிப்பாளரிடம் அமைதியாகச் சில காலம். ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1781-இல் நெதர்லாந்து போனபோது அங்கேதான் இதைப் பார்த்துத் தன் பயணக் குறிப்பில் எழுதினார். டெ புரோய்னின் பெயரை அவர் தப்பாக எழுதினார்; ஓவியரை மட்டும் சரியாகச் சொன்னார். 1798-இல் 1,550 கில்டர். 1813-இல் முய்ல்மன் சேகரிப்பின் ஏலத்தில் 2,125 கில்டர்.

இப்படி ஒன்று மரணம், இல்லையென்றால் திவால், இவைதான் நூறு வருஷத்துக்கும் மேல் இந்தப் படத்தை நகர்த்தியிருக்கின்றன. நகர்ந்தாலும் ஆம்ஸ்டர்டாம்காரர்கள் கையை விட்டுப் போகவில்லை. அதுதான் முக்கியம். ஒரே ஊரில், ஒருவரையொருவர் அறிந்த வணிகர்கள் மத்தியில், ஊரறிய நடந்த ஏலங்களில் கைமாறிய படத்துக்குப் பெயர் ஒட்டிக்கொண்டே வந்தது. ஊரை விட்டுப் போன மற்ற வெர்மீர் ஓவியங்களின் கதி என்ன என்று பாருங்கள். சன்னலருகே கடிதம் படிக்கும் பெண்ணை 1742-இல் ஜெர்மனியின் சாக்சனி நாட்டு ஆட்சியாளருக்காக வாங்கியபோது அது டச்சு ஓவியர் ரெம்பிராண்டின் படம் என்று சொல்லித்தான் வாங்கினார்கள். இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜ் 1762-இல் பெற்ற இசைப் பாடம் ஓவியத்துக்கு ஃபிரான்ஸ் வான் மீரிஸ் என்ற வேறு ஓவியரின் பெயர் போட்டிருந்தது. வியன்னாவில் இருக்கும் ஓவியக் கலை படம் பீட்டர் டெ ஹூக் என்ற இன்னொரு ஓவியரின் பெயரில் தொங்கியது. இவற்றுக்கெல்லாம் பின்னால் வேர் தேட வேண்டியிருந்தது. முத்துக் காதணி அணிந்த பெண்ணோ 1881-இல் ஹேக் நகர ஏலத்தில் 2 கில்டருக்கு, கூடக் கொஞ்சம் தரகுக்காசுக்குப் போனாள். பால் ஊற்றும் பெண்ணுக்கு அந்த நிலை ஒரு நாளும் வரவில்லை.

1860-களில் பிரெஞ்சு விமர்சகர் தியோஃபில் தோரே வெர்மீரை "மீண்டும் கண்டுபிடித்தார்" என்பார்கள். 1866-இல் அவர் வெளியிட்ட கட்டுரைகள்தான் உலகத்தை வெர்மீர் பக்கம் திருப்பின, அதில் சந்தேகமில்லை. அவருடைய பட்டியலில் 70-க்கும் மேல் படங்கள், பல தவறானவை. ஆனால் 1822-லேயே டெல்ஃப்ட் நகரக் காட்சியை 2,900 கில்டர் கொடுத்து டச்சு அரசு ஹேக் அருங்காட்சியகத்துக்கு வாங்கிவிட்டது. பாரிசுக்கும் லண்டனுக்கும் தெரியாததை யாருக்குமே தெரியாது என்று சொல்லும் பழக்கம் கலை வரலாற்றில் உண்டு. அந்தப் பழக்கம்தான் "மறந்துபோன மேதை" கதைக்கும் அடி என்பது என் கருத்து.

சரி, 1813-க்கு வருவோம். 2,125 கில்டர் கொடுத்து வாங்கியது லுக்ரேசியா வான் வின்டர் என்ற இருபத்தேழு வயதுப் பெண். எனக்கு இந்த வரிசையில் மிகவும் பிடித்தவர் இவர்தான். அப்பா பீட்டர் வான் வின்டர் பெரிய சேகரிப்பாளர். வெர்மீரின் சின்னத் தெரு ஓவியத்தை 1800-இல் வாங்கி வைத்திருந்தவர். அவர் இறந்தபின் சேகரிப்பு லுக்ரேசியாவுக்கும் தங்கைக்கும் பாகமாகப் பிரிந்தது. சின்னத் தெரு இவர் பங்கில் வந்தது. ஆனால் பால் ஊற்றும் பெண் பரம்பரையாக வந்தது இல்லை. திருமணத்துக்கு முன்பே, தன் பணத்தில், தானே தேர்ந்தெடுத்து வாங்கியது. தங்கையின் பங்கு வான் லோன் குடும்பத்துக்குப் போய், 1877-இல் அப்படியே ரோத்ஸ்சைல்ட் என்ற வங்கிக் குடும்பத்தாருக்கு விற்கப்பட்டு நாட்டை விட்டு வெளியேறியது. அக்காவின் பங்கு நின்றது.

லுக்ரேசியா 1822-இல் ஹென்ட்ரிக் சிக்ஸ் என்பவரை மணந்தார். ரெம்பிராண்ட் 1654-இல் வரைந்த யான் சிக்ஸ் உருவப்படம் தெரியுமல்லவா, அதே குடும்பம். அந்தப் படம் இன்றும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது. பால் ஊற்றும் பெண் கணவர் வீட்டுச் சேகரிப்போடு சேர்ந்து, பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று அடுத்த 85 வருஷம் சிக்ஸ் குடும்பச் சொத்தாக இருந்தாள்.

1907-இல் வாரிசுகள் ஒரு பகுதியை விற்க முன்வந்தார்கள். அது சரியான நேரமா, மோசமான நேரமா என்று சொல்வது கடினம். அமெரிக்கச் செல்வந்தர்கள் வெர்மீர்களை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டிருந்தார்கள். பாஸ்டனின் இசபெல்லா ஸ்டூவர்ட் கார்ட்னர் 1892-இல், நியூயார்க்கின் ஹென்றி ஃபிரிக் 1901-இல், அந்த 1907-லேயே ஜே. பி. மார்கன் ஒன்று. பால் ஊற்றும் பெண்ணும் கப்பல் ஏறிவிடுவாள் என்று நெதர்லாந்தே பதறியது. அரசு இவளையும் சேர்த்து 39 ஓவியங்களை மொத்தமாக வாங்குவது என்று பேச்சு. பணத்தில் ஒரு பங்கைக் கலை ஆர்வலர்களின் ரெம்பிராண்ட் சங்கம் தருவதாக ஏற்பாடு.

எதிர்ப்பும் கடுமையாக வந்தது. ஃபிரிட்ஸ் லுக்ட் என்ற 23 வயது இளைஞர், இந்த விலைக்கு இந்தத் தொகுதி தகுமா என்று கேட்டுத் தனிப் பிரசுரமே போட்டார். பின்னாளில் டச்சு ஓவிய ஆய்வில் பெரும்பெயர் ஆன அதே லுக்ட்தான். ஒரு படத்துக்காக மற்ற 38-ஐயும் தலையில் கட்டுகிறார்கள் என்ற கேள்வியில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். விவகாரம் நாடாளுமன்றம் வரை போனது. கடைசியில் அரசு வாங்கியது. 1908-இல் படம் ரைக்ஸ் மியூசியத்துக்கு வந்தது. அன்று பேரம் முறிந்திருந்தால் இவளைப் பார்க்க நாம் நியூயார்க் போக வேண்டியிருந்திருக்கும். சின்னத் தெருவும் சிக்ஸ் குடும்பத்திடமிருந்து 1921-இல் எண்ணெய் அதிபர் ஹென்றி டெட்டர்டிங் கைக்குப் போய், அவர் அதே மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார். அதனால் லுக்ரேசியாவின் இரண்டு வெர்மீர்களும் இன்று ஒரே கட்டடத்தில் இருக்கின்றன.

இரண்டாம் உலகப் போர் பற்றியும் ஒரு வார்த்தை. யூதக் குடும்பங்களிடமிருந்து பறித்த ஓவியங்கள் பல என்பதால், 1933 முதல் 1945 வரை ஒரு படம் எங்கே இருந்தது என்பதைத்தான் இன்று எல்லா ஆய்வாளர்களும் முதலில் பார்ப்பார்கள். வெர்மீரின் வானியலாளர் ஓவியமே பாரிசில் ரோத்ஸ்சைல்ட் வீட்டிலிருந்து நாஜிகள் தூக்கிக்கொண்டு போனதுதான். போர் முடிந்து திரும்பி வந்தது. பால் ஊற்றும் பெண் விஷயத்தில் அந்தக் கவலை இல்லை. 1939-இல் நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு அனுப்பியிருந்தார்கள். போர் மூண்டது, திரும்ப வழியில்லை. அமெரிக்காவிலேயே தங்கி, டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு இருந்தாள். முப்பது வருஷத்துக்கு முன் அமெரிக்கா போய்விடக் கூடாது என்று வாங்கிய படத்தை, ஜெர்மானியப் படை ஹாலந்தில் நுழைந்தபோது அமெரிக்காதான் பத்திரமாக வைத்திருந்து கொடுத்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு, அதாவது இது வெர்மீர் வரைந்ததுதானா என்பதற்கு, மேலே சொன்ன காகிதங்களே போதும். ஆனால் படமும் தன் பங்குக்குப் பேசியிருக்கிறது. 2022-இல் அகச்சிவப்புக் கருவிகளால் மேல்பூச்சுக்கு அடியில் ஊடுருவிப் பார்த்தார்கள். அவள் தலைக்குப் பின்னால், நாம் இப்போது வெறும் சுவராகப் பார்க்கும் இடத்தில், சாடிகள் தொங்கும் ஒரு மரச்சட்டத்தை வெர்மீர் முதலில் தீட்டத் தொடங்கியிருக்கிறார். கீழே வலது மூலையில், குளிர்காலத்தில் துணி உலர்த்தவும் குழந்தையைக் கதகதப்பாக வைக்கவும் பயன்படும் பெரிய பிரம்புக் கூடை ஒன்று. இரண்டையும் அவரே பூசி மறைத்துவிட்டு, சுவரையும் ஆணியையும் ஓட்டைகளையும் வைத்திருக்கிறார். நகல் எடுப்பவர் முடிந்த படத்தைப் பார்த்து எடுப்பார்; இப்படிப் போட்டு அழித்து யோசிக்க மாட்டார். ரோலேவ், வான் ஹூக், டெ நெவில், லுக்ரேசியா என்று இவளை வைத்திருந்த யாரும் அந்தச் சாடிகளைப் பார்க்கவில்லை. முதன்முதலில் வாங்கிய டெல்ஃப்ட் வீட்டுக்கு வரும்போதே அவை சுவருக்குள் போயிருந்தன.